நினைவில் இல்லாத நாலாம் கால்பகுதி

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் உள்ள எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. கழகச் செயலாளர் ரவி அண்ணை அதற்காக என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, வலைப்பந்து விளையாடிச் சம்பளம் எடுத்தது இஞ்சை எங்கடை ஆக்களிலை நீங்கள் ஒராள்தான். இப்ப ரெண்டு மூண்டு பிள்ளையள் இங்கிலாந்துக்குப் போகவேணும் எண்டு நிக்கினம். அவையளுக்கு ஒரு உற்சாகம் வாற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாங்கோ."

"உற்சாகம் வருமோ தெரியாது அண்ணை. நடந்ததை எழுதலாம்."

"நடந்ததையே எழுதுங்கோ," என்றார். சற்று யோசித்துவிட்டு, "தலையிலை அடிபட்டதை மட்டும் கொஞ்சம் சுருக்கி எழுதலாமோ?" என்று கேட்டார்.

சுருக்க முடியவில்லை. என் தொழிலில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நான் பிறந்தது லுசேர்ணில், வளர்ந்தது எம்மன்புரூக்கேயில். அப்பாவுக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அம்மாவுக்கு அதே ஹோட்டலின் நிலக்கீழ் தளத்தில் துவாய்களும் விரிப்புகளும் மடிக்கும் வேலை. அம்மா யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு வலைப்பந்து விளையாடியவர். இடம்பெயர்வோடு அது நின்றுபோனது. பதினாலு வயதில் நான் அப்பாவை விட ஒரு தலை உயரம். கோயிலில் யாராவது என்னை அண்ணாந்து பார்த்து, "இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கை போறது?" என்று கேட்டால் அம்மா, "அவள் இன்னும் வளரட்டும்," என்று சொல்லிவிட்டு நடப்பார்.

இந்த நாட்டுக்காரருக்கு வலைப்பந்து தெரியாது. அவர்களிடம் இருப்பது கோர்ப்பால். அதுவும் ஒரு கம்பத்தின் நுனியில் கூடை வைத்துப் பெண்கள் விளையாடுவதுதான். கூடையின் கீழே காவலாக ஒருத்தி நிற்பாள். எங்கள் ஊர் உடற்பயிற்சிச் சங்கத்தில் அந்தக் காவல் நான். கோடையில் தமிழர் விளையாட்டு விழாக்களில் புல்லுத் தரையில் வலைப்பந்து. அங்கே அம்மா விசில் ஊதுவார், நான் கோல் காப்பாளர். சுக் நகரில் வேலை பார்த்த ஒரு அவுஸ்திரேலியப் பெண் தன் தமிழ்ச் சிநேகிதியோடு அப்படி ஒரு விழாவுக்கு வந்தார். வெளிநாட்டுப் பெண்கள் சேர்ந்து சூரிச்சில் நடத்தும் கழகத்துக்கு என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான். அங்கிருந்து சுவிஸ் அணி. சுவிஸ் அணியோடு போன ஒரு சிறு சுற்றுப்போட்டியில் இங்கிலாந்துக் கழகம் ஒன்று என்னைப் பார்த்தது.

அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. "பந்து பிடிக்கிறதுக்கு ஆர் பிள்ளை சம்பளம் தருவினம்? முதல் ஒரு தொழிலைப் படி," என்றார். பாடன் நகரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் வரையும் தொழிற்பயிற்சியை முடித்துச் சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த மாதம் புறப்பட்டேன்.

வட இங்கிலாந்தில் மழை ஓயாத ஒரு நகரம். கழகத்தின் சம்பளம் பெரிதில்லை. காலையில் ஒரு பாடசாலையில் விளையாட்டு உதவியாளராக நின்றேன், பிற்பகலில் பயிற்சி. ஆனாலும் என் ஒப்பந்தத்தில் தொழில் என்ற இடத்தில் வலைப்பந்து வீராங்கனை என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்க்கவே அதைப் பல தரம் எடுத்து விரித்திருக்கிறேன்.

வேலை இன்னதென்று சொல்ல வேண்டும். எதிரணியில் பந்தை வளையத்துக்குள் போடுபவளோடு நிற்பதுதான் கோல் காப்பாளரின் வேலை. அவள் கைக்குப் பந்து வந்துவிட்டால் அவளுடைய காலிலிருந்து நான் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். அவளைத் தொடக் கூடாது. அந்த மூன்றடிக்கு அப்பாலிருந்து ஒற்றைக் காலில் எழும்பி, உடம்பை முன்னால் சாய்த்து, பந்துக்கு மேலே கையைக் கொண்டு போக வேண்டும். பந்தை வைத்திருக்க அவளுக்கு மூன்று விநாடிதான். அந்த மூன்று விநாடியில் பந்தைப் பறிப்பது அபூர்வம். அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுப்பதுதான் நோக்கம். என் விரல் நுனியை அவள் ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், வளையம் அவளுக்குச் சிறுத்துவிடும். கை உயர்ந்திருக்கும்போது முகமும் தலையும் காவலில்லாமல் இருக்கும். அதை அப்போது நான் நினைத்ததே இல்லை.

ஆட்டத்துக்கு முன் நடுவர் எங்களை வரிசையாக நிறுத்தி நகம் பார்ப்பார். விரல் நுனிக்கு மேலே நகம் தெரிந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். மோதிரம், தோடு எதுவும் கூடாது. இருபத்தைந்து வயதுப் பெண்கள், சிலர் தாய்மார், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். அதற்கும் முன்னால் உடைமாற்றும் அறையில் இன்னொரு சடங்கு இருந்தது. அது எங்கள் பயிற்றுநர் டயானுடையது.

டயானுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய நரைத்த தலை. அவர் கத்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வலைப்பந்தில் ஒவ்வொருவரும் தன் நிலையைக் குறிக்கும் எழுத்து ஒட்டிய துணியை உடுப்புக்கு மேலே அணிய வேண்டும். 'பிப்' என்போம். இன்று யார் விளையாடுகிறார்கள் என்று டயான் வாயால் அறிவிப்பதில்லை. நாங்கள் சப்பாத்து கட்டுகிற நேரத்தில் உள்ளே வந்து, எங்கள் இருக்கைகளில் ஏழு பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஏழு பிப்பை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். நிமிர்ந்து பார்த்தால் உன் பக்கத்தில் துணி இருக்கும், அல்லது வெறும் பலகை இருக்கும். ஏன் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். இடைவேளையில் ஏழு பேரில் ஒருத்திக்கு முன்னால் மட்டும் குந்துவார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் இரண்டு வசனம் பேசுவார். எனக்கு முன்னால் அவர் குந்திய நாட்களில் நான் பறந்திருக்கிறேன். சொல்லாமலே ஒன்றைச் செய்ய வைக்கும் ஆளை நான் முதன்முதல் கண்டது அவரில்தான். நாங்கள் எல்லோரும் அவருடைய முகத்தைப் படிக்கப் பழகியிருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் விளையாடியவள் பெத். அவளுடைய இடம் கோல் தடுப்பாளர். நானும் அவளும்தான் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குப் பொறுப்பு. ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவள் அந்த நகரத்திலேயே பிறந்தவள். தகப்பன் பேருந்துச் சாரதி. கொஞ்சம் வாய்க்காரி. அவளும் அங்குள்ள மற்றவர்களும் சொன்னதை எல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் அவை எனக்குள் கேட்கின்றன.

தடுப்பு ஆட்டத்தில் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறாள் என்று அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். ஆனால் எதிரணிக்கும் அது கேட்கும். ஒரு நாள் பெத், "உன்ரை பாசையிலை கத்துவமோ?" என்று கேட்டாள். பகிடியாகத் தொடங்கியது. இடம், வலம், விடு, என்ரை. பிறகு, கோல் எதிரணிக்கு என்றால் 'அவை', எங்களுக்கு என்றால் 'நாங்கள்'. அரைவட்டத்துக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறிய நான் "எத்தினை?" என்று கத்துவேன். அவள் "ஒண்டு" அல்லது "ரெண்டு" என்பாள். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எண்களைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ஒரு பருவம் முடிவதற்குள் நான் கேட்டு வாய் மூட முதல் அவளுடைய பதில் வந்துவிடும். எதிரணிப் பெண்கள் எங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். எங்கள் தமிழை அந்த நாட்டு மண்டபங்களில் இரண்டு பேர் கத்தித் திரிந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை.

என் கடைசிப் பருவத்தில் நாங்கள் அரையிறுதிக்குப் போனோம். கழகம் அதுவரை அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. ஆட்டம் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. எம்மன்புரூக்கே வீட்டில் அம்மாவும் அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மேல் எழுதுவது எனக்கு ஞாபகமுள்ளது அல்ல. காலையில் பாண் வாட்டியது ஞாபகம் இருக்கிறது. நகம் காட்டியது ஞாபகம். ஆட்டத்தின் நாலு கால்பகுதிகளில் முதலாவதில் ஒரு பந்தைத் தட்டிவிட்டதும் மண்டபம் அதிர்ந்ததும் ஞாபகம். பிறகு ஒன்றுமில்லை. மீதியைக் காணொளியிலிருந்தும் மற்றவர்கள் சொன்னதிலிருந்தும்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் கால்பகுதி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உயரப் பந்து ஒன்றுக்கு நானும் எதிரணிக்காரியும் ஒன்றாக எழும்பினோம். அவளுடைய தோள் என் தாடையில் பட்டது. நான் மல்லாந்து விழுந்தேன், பின்தலை தரையில் அடித்தது. அவள் மீது பிழையில்லை. என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து வாங்கில் இருத்தினார்கள். பதில் ஆட்டக்காரி எனக்காக உள்ளே போனாள். அவளுக்குப் பதற்றம். எதிரணி அடுத்தடுத்துக் கோல் போட்டது. இடைவேளை வந்தது.

எங்கள் உடலியக்க வைத்தியர் ஜேமி. கழகத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞன். எனக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, முறைப்படியான கேள்விகளைக் கேட்டான். இது எந்த மண்டபம்? எத்தனையாம் கால்பகுதி முடிந்தது? கடைசிக் கோல் யார் போட்டது? இவை கஷ்டமான கேள்விகள் அல்ல. மூளை குலுங்கியவருக்கு முதலில் அழிந்துபோவது இந்தச் சின்ன விசயங்கள்தான் என்பதால் இவற்றைக் கேட்பார்கள். ஒன்று பிழைத்தாலும் அன்றைக்கு அவள் திரும்ப உள்ளே போகக் கூடாது.

நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். ஜேமி டயானைப் பார்த்துத் தலையை ஆட்டினான். டயான் என் பிப்பைத் தன் கையாலேயே எனக்குப் போட்டுவிட்டார்.

நாலாம் கால்பகுதியைக் காணொளியில் பார்த்தவர்கள் என் வாழ்க்கையில் நான் விளையாடிய மிகச் சிறந்த ஆட்டம் அது என்கிறார்கள். நானும் பார்த்தேன். அந்த நெட்டைப் பெண் எழும்புகிறாள், தட்டுகிறாள், பறிக்கிறாள். அவள் யாரோ. இடையில் ஒரு தரம் யாருடைய முழங்கையோ அவளுடைய காதோரத்தில் மெதுவாகப் படுகிறது. ஒருவரும் கவனிக்கவில்லை, அவளும் தொடர்ந்து விளையாடுகிறாள். அந்த இரண்டாவது மெல்லிய அடிதான் எல்லாவற்றையும் முடித்தது என்று பிறகு வைத்தியர்கள் சொன்னார்கள்.

நாங்கள் வென்றோம். எல்லோரும் கட்டிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது நான் பெத்தின் தோளைத் தட்டி, "மட்ச் எப்ப தொடங்குது?" என்று கேட்டேனாம். அவள் முதலில் சிரித்தாளாம். நான் திரும்பவும் அதையே கேட்டேனாம். பிறகு விழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு டயான் ஒரு தரம் வந்தார். கட்டில் ஓரத்தில் குந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நீ விளையாடின மாதிரி நான் ஒருத்தரையும் காணேல்லை," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வருடமே அவர் இன்னொரு பெரிய கழகத்துக்குப் போய்விட்டார். ஜேமியை விசாரித்தார்கள். காணொளியில் நான் நடக்கும்போது தடுமாறுவது தெரிகிறது, எப்படி அனுமதித்தாய் என்று கேட்டார்கள். அவள் சரியாகப் பதில் சொன்னாள் என்று மட்டும் அவன் சொன்னான். அவன் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா வந்து என்னை எம்மன்புரூக்கேக்குக் கூட்டி வந்தார். இருபத்தொன்பது வயதில் என் வேலை முடிந்தது.

அதன் பிறகுள்ள வருடங்களைப் பற்றி எழுத அதிகமில்லை, ஏனென்றால் அவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் குத்தியது. சத்தம் குத்தியது. வீட்டு ஜன்னல்களில் ஸ்டோரன் என்ற வெளி மறைப்பு எப்போதும் இறக்கியபடி இருக்கும். இந்த ஊர் மொழியான டொச்சில் பேசிக்கொண்டிருக்கும்போது சாதாரணச் சொற்கள் காணாமல் போகும். பாடனில் படித்த தொழிலுக்குத் திரும்பலாம் என்று பார்த்தேன். திரையில் கோடுகள் அசைந்தன, அரை மணித்தியாலத்தில் வாந்தி வந்தது. வாழ்நாள் முழுவதும் ஹோட்டல் சட்டிபானைச் சத்தத்துக்குள் நின்ற அப்பா, வீட்டில் ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் துணி வைத்து அடுக்கப் பழகினார். நான் கேட்டு அல்ல. ஒரு நாள் அலுமாரியைத் திறந்தபோது கண்டேன்.

என்னால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று மதிப்பிடும் வைத்தியர் ஒருவரிடம் போனேன்.

"நெட்பால் என்றால் ஹான்ட்பால் மாதிரியா?"

"இல்லை."

"அப்போ கோர்ப்பாலா?"

"கிட்டத்தட்ட," என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குச் சக்தி இருக்கவில்லை. அவர் கோர்ப்பால் என்றே எழுதிக்கொண்டார். இந்த நாட்டில் கோர்ப்பால் விளையாடி ஒருத்தரும் ஒரு நாளும் சம்பளம் எடுத்ததில்லை. நான் செய்த வேலைக்கு நான் பிறந்த நாட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

கடைசியில் அம்மாதான் தன் மேலாளரிடம் கதைத்து, துணி மடிக்கும் அறையில் எனக்கு அரைநேர வேலை எடுத்துத் தந்தார். ஜன்னல் இல்லாத அறை. மங்கிய விளக்கு. காதில் அடைப்பான் போட்டுக்கொண்டால் தாங்கும்.

வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம் இருக்கும், பெத் வந்தாள். அதுவரை அவள் அனுப்பிய செய்திகளுக்கு நான் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதோடு சரி. லுசேர்ண் நிலையத்தில் சந்தித்தோம். ஏரிக் கரைக்குப் போனால் தண்ணீரில் பட்ட வெயில் என் கண்ணுக்குள் ஏறியது. உடனே பஸ் எடுத்து வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார். பெத் "நல்லாயிருக்கு," என்று தமிழில் சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு காலமாகியிருந்தது. பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பினார். பெத் கதவு சாத்தும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த வாங்கிலை இருந்தது ஞாபகம் இருக்கோ?"

"இல்லை."

"ஜேமி கேட்டதுக்கு எல்லாம் நீ சரியாச் சொன்னாய் எண்டு எல்லாரும் நினைக்கினம்."

"நான் சொன்னன்தானே?"

"நான் சொன்னன். நீ திருப்பிச் சொன்னாய்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மிக மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள்.

"எந்த மண்டபம் எண்டதுக்கு நீயாச் சொல்லிப்போட்டாய். எத்தினையாம் கால்பகுதி எண்டு அவன் கேட்டான். நீ அவனைப் பாத்துக்கொண்டே 'எத்தினை?' எண்டு கேட்டாய். தமிழிலை. நான் உனக்குப் பக்கத்திலை இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். 'மூண்டு' எண்டு சொல்லிப்போட்டன். வாய் தானாச் சொல்லீட்டுது. உனக்குத் தெரியும்தானே, நீ கேட்டா எனக்கு வாய் நிக்காது."

"பிறகு?"

"பிறகு கடைசிக் கோல் ஆர் எண்டு கேட்டான். நீ பேசாமல் இருந்தாய். நான் 'அவை' எண்டன். அது வாய் தானாச் சொன்னதில்லை. அது தெரிஞ்சுதான் சொன்னன்."

"டயான் சொன்னவவோ?"

"டயான் ஒண்டும் சொல்லேல்லை. உன்ரை பிப்பை மடியிலை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தா. அவ்வளவுதான். நான் விளங்கிக்கொண்டன். இல்லாட்டி விளங்கினதா நானே நினைச்சுக்கொண்டனோ, அதுவும் இப்ப எனக்குத் தெரியேல்லை."

ஜேமியை விசாரித்தபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். பயம் என்றாள். இறுதிப் போட்டி வந்தது, பிறகு புதிய ஒப்பந்தம் வந்தது, பிறகு சொல்லவே முடியாமல் போனது என்றாள். அழுதாள். அவளுடைய அழுகைச் சத்தம் என் தலைக்குள் இரும்பாகக் குத்தியது. அதற்காகவாவது நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் கேட்டன் எண்டு சொல்லுறதாலை உன்ரை பாரம் குறையுதோ?" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்லை எண்டது உனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாலும் நான் நம்பத்தானே வேணும்."

"நான் பொய் சொல்லேல்லை."

"ஜேமியிட்டைப் போய்ச் சொல்லு. கழகத்துக்கும் சொல்லு. அதுக்குப் பிறகு என்னோடை கதை."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். ரோல்ஸ் பாதியில் கிடந்தது.

நான் சொன்னபடியே அவள் செய்தாள். கழகம், அது பழைய விசயம், இப்போது விதிகள் மாறிவிட்டன, சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்கிறோம், கழகத்தைச் சேராத வைத்தியர் பார்க்கிறார் என்று பதில் அனுப்பியது. நல்ல மாற்றம்தான். நான் காணொளியை எடுத்து அந்த இடைவேளையைத் தேடினேன். ஒளியைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல நாட்கள். ஒவ்வொரு தரத்துக்கும் அன்றைய பகல் முழுவதும் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. கமரா பார்வையாளர்களைக் காட்டுகிறது. ஒரு மூலையில் எங்கள் வாங்கு. என் முதுகு மட்டும் தெரிகிறது.

நான் கேட்டேனா, இல்லையா? என் வாழ்க்கையை முடித்த கேள்விக்கு என் முதுகுதான் சாட்சி.

இறுதியில் ஜேமியின் இலக்கத்தைப் பெத்திடம் வாங்கி அழைத்தேன். ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறான். என் பெயரைச் சொன்னேன்.

"பெத் எல்லாம் சொன்னவ," என்றான். "உண்மையிலை எனக்கு அது அண்டைக்கே கேட்டது. நீங்கள் ரெண்டு பேரும் என்னவோ கதைச்சியள். ஏதோ பிரார்த்தனை எண்டு நினைச்சன். அதுக்குள்ளை நான் தலையிடக் கூடாது எண்டு பேசாமல் இருந்தன்."

"முதல் கதைச்சது ஆர்?"

"அது கட்டாயம் தெரியவேணுமோ?"

"ஓம்."

பின்னால் யாரோ வயதானவர் எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நீங்கள்தான்," என்றான். "என்ரை கண்ணைப் பாத்துக்கொண்டே சொன்னனீங்கள். பேந்துதான் அவ சொன்னவ. எனக்கு உங்கள் ரெண்டு பேரிலையும் கோபம் இல்லை. நான் திருப்பிக் கேட்டிருக்கவேணும்."

அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பெத்துக்கு, நீ சொன்னது உண்மை என்று செய்தி அனுப்பினேன். அவள் அதற்குப் பதில் போடவில்லை.

அடுத்த நாள் வேலையில் அம்மாவிடம் சொன்னேன். அதுவரை வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. குளியல் துவாய் மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய துவாயை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உதறி, நெருங்கி வந்து மடிக்க வேண்டும். நான் ஒவ்வொரு துவாயோடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பெத் சொன்னது, ஜேமி சொன்னது, கடைசியில் நான்தான் கேட்டது.

அம்மா நிறுத்தாமல் மடித்தார். ஆறேழு துவாய்களுக்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"உன்ரை கண் சரியில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்ப?"

"அண்டைக்குத்தான். வாங்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை முகத்தைக் கிட்டக் காட்டினவங்கள். இடது கண் ஒரு பக்கமாப் போய் நிண்டது. அப்பாவிட்டைச் சொன்னனான், பிள்ளை சரியில்லை, போன் எடுங்கோ எண்டு. ஆருக்கு எடுக்கிறது எண்டு அவர் கேட்டார். எனக்கும் தெரியேல்லை. அதுக்குள்ளை நீ துணியைப் போட்டுக்கொண்டு திருப்பி உள்ளை வந்திட்டாய்."

அடுத்த துவாயின் இரண்டு முனைகளையும் என்னிடம் நீட்டினார். நான் பிடித்தேன்.

"நான் எழும்பி நிண்டு கை தட்டினனான் பிள்ளை."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துவாயின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா ஏன் தட்டுறாய் எண்டு கேட்டார். அவருக்கு நான் மறுமொழி சொல்லேல்லை. இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை."

அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தமிழிலும் வரவில்லை, டொச்சிலும் வரவில்லை. சொற்கள் காணாமல் போகும் என் வியாதிதான் அது என்று அம்மா நினைத்திருக்கலாம். வியாதி அல்ல. துவாயை உதறினோம், நெருங்கி வந்தோம், மடித்தோம். வண்டி நிறைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லிஃப்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.